சனிக்கிழமை எண்ணெய்

எங்கள் தோட்டத்து எஞ்சின் வீட்டுக்கு மூன்று பக்கம்தான் சுவர். நான்காவது பக்கம் ரப்பர் ஷீட் உருட்டும் ஸ்டோரைப் பார்த்துத் திறந்தே கிடக்கும். சூடு வெளியேற வேண்டும் என்று அப்படிக் கட்டினார்கள். கதவு இல்லாததால் பூட்டும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதவு என்று ஒன்று இருந்திருந்தால் நான் எழுதப்போகிற எதுவும் நடந்திருக்காது.

தோட்டம் கூலாய் ஊருக்கு வடக்கே, ரயில் பாதையைத் தாண்டி உள்ளே இருந்தது. அப்போது கித்தா என்கிற ரப்பரின் விலை அடியோடு விழுந்திருந்த காலம். எங்கள் எஞ்சினும் புதியதல்ல. சிங்கப்பூரில் ஓர் ஐஸ் கம்பெனி கழித்துப் போட்டதை எங்கள் வெள்ளைக்காரத் துரை வாங்கிவந்து வைத்தார். படுக்கை வாட்டில் கிடக்கும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். இரண்டு பக்கமும் என்னைவிட உயரமான சக்கரங்கள். ஒரு சக்கரத்திலிருந்து நீளமான தோல் பெல்ட் ஸ்டோருக்குள் போகும். அங்கே வரிசையாக நிற்கும் உருளைகளை அதுதான் சுற்ற வைக்கும். முதல் நாள் உறையவைத்த ரப்பர் பாலைப் பெண்கள் அந்த உருளைகளில் கொடுத்து ஷீட்டாக இழுப்பார்கள்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவன். பழைய நீராவி எஞ்சினுக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தேன். டீசல் வந்ததும் அதற்கு என்னையே டிரைவராகப் போட்டார்கள். அந்த வேலை எனக்குக் கிடைத்த பாக்கியம் என்றே இன்றும் நினைக்கிறேன். சம்பளத்துக்காகச் சொல்லவில்லை. எஞ்சின் ஓடும்போது யாரும் யாரோடும் பேச முடியாது. நாலு பேர் முன்னால் நின்றாலே எனக்குப் பேச்சு வராது. எஞ்சின் வீட்டில் அந்தக் கவலை இல்லை. கையைக் காட்டினால் போதும், தலையை ஆட்டினால் போதும்.

ஒருமுறை ஆட்களை மேற்பார்க்கும் மண்டோருக்குக் காய்ச்சல் கண்டு, விடியற்காலை வேலைக்குமுன் கூடும் பெரட்டில் பேர் கூப்பிட என்னை நிறுத்தினார்கள். ஆட்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். நான் வாயைத் திறந்தேன். என்ன வந்தது என்று எனக்கே தெரியாது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது: “என்னாங்கடா, பேர் கூப்பிடறாரா, காதுல மந்திரம் ஓதறாரா?” சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. அன்றைக்குப் பிறகு அந்தப் பெரட்டுக் களத்தைக் குறுக்கே கடந்து போவதைக்கூட விட்டுவிட்டேன். சுற்றித்தான் போவேன்.

தீபாவளி கழிந்த பிறகு எஞ்சின் சூடேறத் தொடங்கியது.

எங்கே சூடு என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். இரண்டு சக்கரங்களையும் தாங்கும் தண்டு இரண்டு பெரிய பேரிங்குகளில் உட்கார்ந்து சுற்றும். ஒவ்வொரு பேரிங்குக்கும் அடியில் ஓர் எண்ணெய்க் குழி. தண்டின் மேல் பித்தளை வளையம் ஒன்று வளையல் மாதிரித் தளர்வாகத் தொங்கும். அதன் கீழ்ப்பாதி எண்ணெயில் முங்கியிருக்கும். தண்டு சுற்றச் சுற்ற வளையமும் மெதுவாகச் சுற்றி, எண்ணெயை அள்ளிக்கொண்டுபோய்த் தண்டின் மேல் விடும். மேலே ஒரு சின்ன மூடி. அதைத் தூக்கிப் பார்த்தால் வளையம் சுற்றுவது தெரியும். அது சுற்றும் வரை கவலை இல்லை. அது நின்றுவிட்டால் கொஞ்ச நேரத்தில் பேரிங் காயும். பிறகு உள்ளே இருக்கும் ஈயம் உருகும். அதற்குப் பிறகு எஞ்சின் பழைய இரும்புதான்.

அந்த வளையம் அடிக்கடி தயங்க ஆரம்பித்தது. பேரிங்கில் கை வைக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆனால் அந்த நாட்களில் சோற்றைப் பிசைந்துகொண்டே, “எஞ்சினுக்கு ஒரே சூடு, புள்ள” என்று மட்டும் சொல்லுவேன். என் மனைவி “அப்படியா” என்பாள். அவள் அதை எங்கே கொண்டுபோனாள் என்று பிறகுதான் தெரிந்தது.

முதலில் நான் எண்ணெயைத்தான் சந்தேகப்பட்டேன். விலை விழுந்ததிலிருந்து ஆபீசில் எல்லாவற்றிலும் சிக்கனம். உருளைகளின் பல்சக்கரத்துக்கு வாங்கும் மெல்லிய எண்ணெயையே எஞ்சினுக்கும் ஊற்றச் சொல்லியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஐயாவிடம் போய் நின்றேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், கிண்டல்காரர்.

“என்ன காணும், உம்மட எஞ்சினிலை முட்டை பொரிக்கலாம் போல கிடக்கு எண்டு துரை சொல்லுறார்.”

“எண்ணெய் மாத்தணுங்க ஐயா.”

“மாத்தும். ஸ்டோரிலை இருக்கிறதிலை எது வேணுமோ எடும். புதுசா வாங்க மட்டும் கேளாதையும்.”

சாவியைக் கொடுத்துவிட்டுக் கூடவே வந்தார். சாமான் அறையில் மூன்று விதமான எண்ணெய் இருந்தது. ஒன்று அந்த மெல்லிய எண்ணெய், தேநீர் நிறம். இன்னொன்று பழைய நீராவி எஞ்சினுக்கு வாங்கி மீந்தது. ஒரு பீப்பாய் நிறைய, வெல்லப் பாகு மாதிரிக் கறுப்பாய். மூன்றாவது, மூலையில் சாக்குக்குப் பின்னால் தூசி பிடித்துக் கிடந்த டின்கள். எஞ்சினோடு கூட வந்தவையாக இருக்கும். வெளிச்சத்தில் ஊற்றிப் பார்த்தால் விளிம்பில் பச்சையாக ஒரு மினுக்கம் தெரிந்தது. டின் மேல் எழுதியிருந்ததைக் கிராணி ஐயா படித்தார். பாதி எழுத்தைத் துரு தின்றிருந்தது. “எண்ணெய் எண்டு போட்டிருக்கு. அது மட்டும் நிச்சயம்” என்று சிரித்தார்.

நான் மூன்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு எஞ்சின் வீட்டுக்கு வந்தேன். எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, புகைக்குழாய் சூடானதும் அதன்மேல் ஒரு துத்தநாகத் தகட்டைச் சாய்த்து வைத்தேன். தகடு சூடேறிய பிறகு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் சொட்டுவிட்டேன். மெல்லியது தண்ணீரைப் போல ஓடிப் போயிற்று. ஓடின தடம் காய்ந்து கிடந்தது. கறுப்பு, வைத்த இடத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பிறகு இழுத்துக்கொண்டு இறங்கியது. இந்தக் கெட்டி எண்ணெயில் வளையம் சிக்கிக்கொள்ளும் என்று பட்டது. மூன்றாவது நிதானமாக இறங்கியது. இறங்கின தடம் ஈரமாகவே பளபளத்தது. விரலால் தேய்த்தால் வழுக்கியது, ஆனால் விரலை விட்டுப் போகவில்லை. அதையே எடுத்துக்கொண்டேன்.

எண்ணெயைச் சூடாக இருக்கும்போதே இறக்க வேண்டும். ஆறினால் அழுக்கு அடியில் தங்கிவிடும். பேரிங்கின் கீழே உள்ள குழாயைத் திறந்தேன். வந்தது எண்ணெயே இல்லை. பழுப்பாக, இழை இழையாக, வாழைப்பூ நறுக்கினால் கையில் ஒட்டுமே, அந்த மாதிரி ஒரு பிசின். மலிவு எண்ணெய் இப்படித்தான் ஆகும்போல என்று நினைத்துக்கொண்டேன். மண்ணெண்ணெய் ஊற்றி அலசினேன். பழைய கைலித் துணியால் துடைத்தேன். பஞ்சுக் கழிவு போட்டால் நூல் பிரிந்து உள்ளே தங்கும். பிறகு புது எண்ணெயை வளையத்தின் அடிப்பாகம் முங்கும் வரை விட்டேன். அதற்கு மேல் விட்டால் வழிந்து பெல்ட்டில் பட்டு நழுவும்.

அந்த வாரம் முழுக்க எஞ்சின் சொன்னபடி கேட்டது. பேரிங்கில் கையை வைத்து எடுக்காமலே நிற்க முடிந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் பசியாறிவிட்டு வந்து எஞ்சினை மறுபடி கிளப்பினேன். மத்தியானத்துக்குள் வளையம் நின்றுவிட்டது. எஞ்சினை நிறுத்த வேண்டியதாயிற்று. உருட்டாத பால் தொட்டியிலேயே கெட்டியாகிப் போனது. ஸ்டோர் முழுக்கப் புளித்த நாற்றம்.

துரை சைக்கிளில் வந்து இறங்கினார். தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார்.

“என்னா இது, எஞ்சினா அடுப்பா?”

நான் பேரிங்கின் மூடியைத் தூக்கிக் காட்டினேன்.

“அடுத்த சனிக்கிழமை நான் வந்து பார்ப்பேன். எல்லா உருளையும் ஓடணும், கடைசி ஷீட் வரைக்கும். ஓடலைன்னா பத்து பாகாட்டுல மரப்பட்டறை வச்சிருக்கற சீனத் தவுக்கே வந்து எஞ்சினை எடுத்துக்கிட்டுப் போயிடுவான். பாலைப் பக்கத்துத் தோட்டத்துக்கு லாரியில அனுப்பிடலாம்.” பிறகு என் முகத்தைப் பார்த்து, நல்லது செய்கிற மாதிரி, குரலைத் தணித்துக்கொண்டார். “நீ பயப்படாதே. பழைய ஆளு. உன்னை மண்டோர் ஆக்கிடறேன். காலையில பெரட்டுல பேர் கூப்பிடு. போதும்.”

வேலையை விட்டு நீக்குகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்கமாட்டேன். தினமும் விடியற்காலை அந்தக் களத்தில், அத்தனை பேர் முன்னால், எஞ்சின் சத்தம் இல்லாமல் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அப்போதே முடிவு செய்துகொண்டேன். இந்த எஞ்சின் எங்கும் போகாது. நானும் எங்கும் போகமாட்டேன்.

பேரிங்கிலிருந்து இறக்கிய எண்ணெயை இந்த முறை கொட்டவில்லை. ஒரு வெள்ளைப் பாட்டிலில் பிடித்து எஞ்சின் மேடையில் வைத்தேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் பாட்டிலுக்குள் இரண்டு எண்ணெய் இருந்தது. மேலே நான் ஊற்றியது, கொஞ்சம் கறுத்துப்போய். கீழே பொன் நிறத்தில் வேறொன்று, கெட்டியாக. இரண்டுக்கும் நடுவே கோடு போட்டது மாதிரித் தெளிவாக இருந்தது. ஒரு குச்சியை அடிவரை விட்டு எடுத்து முகர்ந்தேன்.

சின்ன வயதில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவார்களே, அந்த வாடை. விளக்கெண்ணெய்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. பாட்டிலைத் துணியில் சுற்றி லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் காட்டினேன். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். பாட்டிலைப் பார்த்தவள் புடைப்பதை நிறுத்தவில்லை.

“யாரோ எஞ்சின்ல விளக்கெண்ணெய் ஊத்தறாங்க” என்றேன்.

“நல்லதுதானே. குளிர்ச்சி.”

“உனக்குத் தெரியுமா?”

“நீங்கதானே தினமும் சூடு சூடுன்னு சொன்னீங்க. ஷீட்டு உருட்டற அக்காக்கிட்ட சொன்னேன். தீபாவளிக்கு நாமெல்லாம் எண்ணெய் வச்சுக் குளிச்சோம், அது மட்டும் வறண்டுபோய்க் கிடக்குதேன்னு அவங்கதான் மனசு கேக்காம ஊத்தினாங்க. அப்புறம் வாரா வாரம்.”

“சனிக்கிழமையா?”

“பின்னே? ஆம்பிளைக்குச் சனிக்கிழமைதானே எண்ணெய்.” முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். “அதுலயும் சண்டை. சிலபேரு பொம்பளைன்னாங்க, வெள்ளிக்கிழமைதான் ஊத்தணும்னாங்க. அக்காதான் புகை விடுதே, ஆம்பிளைதான்னு முடிவு பண்ணாங்க.”

அந்த அக்கா உருளைப் பெண்களுக்குத் தலைவி மாதிரி. என்னைவிட மூத்தவர். கணவர் இல்லை. நான் பசியாற வீட்டுக்குப் போகும் நேரத்தில், எஞ்சின் நின்றிருக்கும்போது, மூடியைத் தூக்கி ஆளுக்கொரு கரண்டியாக விட்டிருக்கிறார்கள். காலையிலும் மாலையிலும் நான் அதே மூடியைத் தூக்குவதை அவர்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள். எஞ்சினுக்கு வாய் எது என்று அவர்களுக்குத் தெரியும்.

“வேண்டாம்னு சொல்லு, புள்ள” என்றேன்.

“நானா? நானே ஒரு கிண்ணம் கொடுத்திருக்கேன். நான் எப்படிப் போய் வேண்டாம்னு சொல்றது? நீங்க சொல்லுங்க. வாய் எதுக்கு இருக்கு?” பிறகு மெதுவாகச் சொன்னாள்: “இந்தச் சனிக்கிழமை துரை வர்றாராமே. அதனால எல்லா வீட்லயும் எண்ணெய் சேக்கறாங்க. ஒரு சொம்பு இருக்கும்.”

ஒரு சொம்பு ஊற்றினால் பேரிங் அரைநாள்கூடத் தாங்காது.

செவ்வாய்க்கிழமை மூடிகளைக் கம்பியால் கட்டினேன். பேசாமலே காரியத்தை முடித்துவிடலாம் என்ற ஆசைதான். அக்கா வந்து கம்பியைப் பார்த்தார். “அட, மாப்பிள்ளைக்குக் காப்புக் கட்டியாச்சா தம்பி? கல்யாணம் எப்போ?” என்று உரக்கக் கேட்டார். பெண்கள் உருளையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். நான் எஞ்சினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அந்தக் கம்பி அவர்கள் விரலுக்கு ஒரு நிமிட வேலை என்று எனக்கே தெரியும்.

மீதி நாட்களில் செய்ய முடிந்ததையெல்லாம் செய்தேன். வேலை முடிந்ததும் பேரிங்குகளைக் கழற்றிப் பிசினைச் சுரண்டினேன். எண்ணெய் ஓடும் வெட்டுக்களை மூங்கில் குச்சியால் நோண்டினேன். இரும்பால் நோண்டினால் ஈயத்தில் கீறல் விழும். இடதுபுறப் பேரிங்கின் ஒரு வெட்டு மட்டும் குச்சி எட்டாத மாதிரி வளைந்து உள்ளே போயிற்று. மண்ணெண்ணெயை ஊறவைத்து ஊறவைத்து எடுத்தேன். முழுக்க வந்துவிட்டதா என்று தெரியாது. பிறகு அந்தப் பச்சை மினுக்கு எண்ணெயை ஊற்றினேன். ஊற்றியது போகக் கடைசி டின்னில்தான் மீதி இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. வேலை முடிந்து எஞ்சினை நிறுத்தினேன். பெண்கள் ஸ்டோர் வாசலில் கையில் ஒட்டின பாலைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை என்பதால் எல்லாரும் காலையிலேயே தலையில் எண்ணெய் வைத்திருந்தார்கள். போய்க் குளிக்க வேண்டும். அந்த அவசரத்தில் எழுந்துவிடுவார்கள். நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நின்றேன். எஞ்சின் ஓடாத நேரத்தில் அந்த இடம் அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

“அக்கா” என்றேன்.

“என்ன தம்பி, கையில பாட்டிலு? மருந்தா?”

“மருந்துதான். நீங்க கொடுத்தது.” பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். “இதைக் குடிச்சா மனுசனுக்குப் போகும். எஞ்சினுக்கு அடைச்சுக்குது.”

இளம்பெண் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அதிலிருந்து எல்லாரும். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் தடவினார். நான் தகரத்தில் வழித்து வைத்திருந்த பிசினையும் நீட்டினேன். தொட்டார். விரல் ஒட்டிக்கொண்டது.

“இது நாங்க ஊத்தினதா?”

“அதுவும் எஞ்சின் எண்ணெயும் சூட்டுல ஒண்ணா வெந்தா இப்படித்தான் ஆகுது.”

“சூடு பிடிச்ச ஒடம்புக்கு விளக்கெண்ணெய் வைக்காம வேற என்னத்த வைக்கிறது?”

“அதுக்கு ஒடம்பு பூரா இரும்பு அக்கா.”

“இரும்பா இருந்தா என்ன? ஸ்டோரை மூடிட்டா எங்களைத்தானே மழையில புல்லு வெட்ட விடுவாங்க. இவளுக்கு மடியில கைப்புள்ள. எனக்கு முட்டி வலி. சும்மா பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றியா?”

அவர்களும் என்னைப் போலத்தான் எஞ்சினைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார்கள். போதும், திரும்பிப் போய்விடலாம் என்று கால் சொல்லியது. நான் போகவில்லை.

“தண்ணி ஊத்துங்க” என்றேன். “அதுக்குக் குளிர்ச்சி தண்ணிதான். சிலிண்டரைச் சுத்தி ஓடற தண்ணி எஞ்சினுக்குப் பின்னால இருக்கற அந்தத் தொட்டியிலேருந்துதான் வருது. மத்தியானத்துக்குள்ள அது கொதிச்சுப்போயிடுது. நாளைக்கு ஆத்துத் தண்ணியா கொண்டாந்து தொட்டியில ஊத்திக்கிட்டே இருந்தீங்கன்னா போதும். எண்ணெய் மட்டும் நான் பாத்துக்கறேன்.”

என் வாழ்நாளில் ஒரே மூச்சில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. இளம்பெண் பக்கத்தில் இருந்தவளிடம், “அப்ப எண்ணெய் இல்லாம குளியல் மட்டும். பொம்பளைன்னு நான் அன்னைக்கே சொன்னேன், கேட்டீங்களா? விடியறதுலேருந்து ஒழைக்குது, ஒரு புதுச் சீலை கேட்டுச்சா?” என்றாள். மறுபடி சிரிப்பு. அக்கா பாட்டிலை என் கையில் திருப்பிக் கொடுத்தார். “பாப்போம்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அது சரி என்பதா, இல்லை என்பதா என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் பசியாற நான் வீட்டுக்குப் போகவில்லை. எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து மனைவி கொண்டுவந்த தோசையைத் தின்றேன். அக்கா தலையில் ஒரு குடத்தோடு வந்தார். குடத்தின் வாயில் துணி கட்டியிருந்தது. கையிலிருந்த தோசையைக் கீழே வைத்தேன். துணியை அவிழ்த்தார். தண்ணீர். பின்னாலேயே மற்றவர்கள், பால் தூக்கும் வாளிகளோடு. தொட்டியில் ஊற்றி முடித்த பிறகு அக்கா மடியிலிருந்து ஒரு சின்னச் சீசாவை எடுத்து, தொட்டியின் வெளிப்புறத்தில் ஒரு விரல் எண்ணெய் தடவினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். “வெளியேதானே தம்பி. இது கூடாதா?” நான் தலையை ஆட்டினேன். கூடும்.

துரை வந்தார். கிராணி ஐயாவும் வந்தார். எல்லா உருளைகளும் ஓடின. துரை வலதுபுறப் பேரிங்கில் கையை வைத்தார். எடுக்கவில்லை. இடதுபுறம் வைத்தார். அங்கேயும் எடுக்கவில்லை. பெண்கள் இரண்டிரண்டு பேராகத் தண்ணீர் கொண்டுவந்தபடி இருந்தார்கள். மற்றவர்கள் உருளையில் அவர்கள் இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார்கள்.

பால் தொட்டிகளில் பாதிக்கு மேல் தீர்ந்திருக்கும். மூடியைத் தூக்கிப் பார்த்தேன். இடதுபுற வளையம் தயங்கிற்று. சுற்றும், நிற்கும், சுற்றும். எண்ணெய் கலங்கியிருந்தது. குச்சி எட்டாத அந்த வெட்டிலிருந்து பழைய பிசின் சூட்டில் இளகி இறங்குகிறது என்று கண்டுகொண்டேன். எஞ்சினை நிறுத்தி எண்ணெய் மாற்ற வேண்டும். நிறுத்தினால் துரை பார்த்துக்கொண்டிருக்கிறார். நிறுத்தாவிட்டால் ஈயம் உருகும்.

நிறுத்தக் கூடாது என்று முடிவு செய்தேன். ஓட்டத்திலேயே மாற்றிவிடுவது. கீழே குழாயைத் திறந்து கலங்கலை இறக்க வேண்டும். இறங்குகிற அளவுக்கு மேலே நல்ல எண்ணெய் விழ வேண்டும். குழாய்க்கு நான் குனிந்து படுக்க வேண்டும். மேலே ஊற்ற இன்னொரு கை வேண்டும். நிமிர்ந்து பார்த்தேன். தண்ணீர்க் குடத்தோடு பக்கத்தில் நின்றவர் அக்காதான். அந்த மூடியைத் திறந்து பழகின கையும் அவருடையதுதான்.

டின்னை எடுத்து அவர் கையில் திணித்தேன். சக்கரத்துக்கு அடியில் படுத்துக் குழாயைத் திறந்தேன். அங்கிருந்து அவருக்கு என் கையும் தெரியாது, தலையும் தெரியாது.

“ஊத்துங்க அக்கா!”

எஞ்சின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி, நெஞ்சில் இருந்ததையெல்லாம் கூட்டிக் கத்தினேன்.

“அக்கா! ஊத்துங்க! மெள்ள! இன்னும்! நிறுத்துங்க! ஆ, இப்ப ஊத்துங்க!”

கலங்கல் முகத்தில் தெறித்தது. பழுப்பு, பிறகு கறுப்பு, பிறகு தெளிவு. கடைசியில் விரலில் அந்தப் பச்சை மினுக்கம் தெரிந்ததும் குழாயை மூடினேன். “போதும்!” என்று கத்தினேன். எழுந்து பார்த்தபோது டின் காலியாக இருந்தது. மூடிக்குள் வளையம் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா என் காதருகே வந்து கத்தினார்: “நேத்து ஊத்தாதேன்னே, இன்னைக்கு ஊத்துன்னு உயிரை எடுக்கிறே!” அவர் முகமெல்லாம் எண்ணெய். சிரித்துக்கொண்டிருந்தார்.

கடைசி ஷீட் உருளையிலிருந்து வந்து பலகையில் விழுந்தது. துரை பேரிங்கில் மறுபடி கையை வைத்துப் பார்த்தார். கிராணி ஐயாவிடம் ஏதோ சொன்னார். கிராணி ஐயா என்னிடம் வந்து கையைக் குவித்துக்கொண்டு உரக்கச் சொன்னார்: “எஞ்சின் இஞ்சையே நிக்கட்டுமாம்! தவுக்கேயை வர வேண்டாமெண்டு சொல்லச் சொல்லிப் போட்டார்!”

நான் கும்பிட்டேன். உருட்டி முடித்தாயிற்று, எஞ்சினை நிறுத்தலாம். நிறுத்தக் கையைக் கொண்டுபோனேன்.

“இன்னுமொண்டு காணும்!” என்றார் கிராணி ஐயா. “உமக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கெண்டு துரைக்குத் தெரியாமல் போச்சாம். எங்கட மண்டோர் ஊருக்குப் போறானெல்லே. எஞ்சினோடை பெரட்டையும் நீரே பாரும் எண்டு கேக்கிறார். என்ன சொல்லுறீர்?”

துரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தும் பிடியிலிருந்து கையை எடுத்தேன். எஞ்சினைக் காட்டினேன். என் காதைக் காட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை என்று தலையை ஆட்டினேன். கிராணி ஐயா இன்னும் உரக்கச் சொன்னார். நான் இன்னும் பெரிதாகத் தலையை ஆட்டினேன். பின்னால் அக்கா சிரிப்பது எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

துரை சலித்துப்போய்ச் சைக்கிளில் ஏறினார். சைக்கிள் கித்தா மரங்களுக்குள் மறையும் வரை, உருட்ட ஒன்றுமில்லாத உருளைகளைச் சுற்றவிட்டுக்கொண்டு நான் எஞ்சினை ஓட்டினேன்.